கம்பியை முழுதாக வளைத்தல்

ஜூன் 2

மகள் கல்யாணத்துக்கு முன் வாங்கிய எலக்ட்ரிக் கிட்டார் ஒன்பது வருடமாகக் கூடத்துச் சுவரில் தொங்குகிறது. அறுபத்தொன்பது வயதில் அதில் ப்ளூஸ் இசை கற்கச் சேர்ந்திருக்கிறேன். மருந்துக் கம்பெனியில் நாற்பது வருடம் தராசு பார்த்தவன். வரிசை போடாமல் எனக்கு எதுவும் ஓடாது. இனி எழுதப்போவது இந்த நான்கைப் பற்றித்தான்:

1. கம்பியை வளைத்தல். மூன்று விரல் சேர்த்து. விசை மணிக்கட்டில், சாவி திருகுவதுபோல.
2. வளைத்த உச்சியில் நின்று அதிரவைத்தல்.
3. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்துதல்.
4. பயத்தை விடுதல். என்னிடமுள்ள குறை இது ஒன்றே. இது போனால் மற்றதெல்லாம் நல்லபடியாகும்.

ஜூன் 9

கிட்டார் மாஸ்டருக்கு என் வயதில் பாதிகூட இல்லை. "சார், பாதி வளைச்சிட்டு நின்னுடுறீங்க. கம்பி கதறணும் சார். உங்க கையில அது மன்னிப்பு கேக்குது!"

சிரித்துவைத்தேன். கம்பி அறுந்துவிடுமோ என்று பயம். வேறென்ன?

ஜூன் 15

மகள் ஒற்றைப் பையோடு வந்திருக்கிறாள். கீழுதட்டில் தையல். "கதவுல இடிச்சுக்கிட்டேம்பா."

எந்தக் கதவு என்று நான் கேட்கவில்லை. போன வருடம் அவள் கை ஒடிந்தபோது மாடிப்படி என்றாள். அதையும் கேட்கவில்லை.

ஜூன் 16

வாசிக்கவில்லை.

ஜூன் 21

முதல் கம்பி அறுந்து கன்னத்தைக் கிழித்தது. சட்டையெல்லாம் ரத்தம். மகள் துணியோடு ஓடிவந்தாள். "என்னப்பா, உங்களுக்கும் விழுந்துச்சா?" என்று சிரித்தாள். சிரித்த வாய் அப்படியே கோணிக்கொண்டது.

பிறகு எல்லாம் சொன்னாள். பெல்ட். இஸ்திரிப் பெட்டி. முதுகைக் காட்டினாள். ஒன்பது வருடம்! நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? பண்டிகைக்குப் பண்டிகை மருமகனுக்குச் சட்டை எடுத்துக் கொடுத்தேன்.

ஜூன் 22

புதுக் கம்பி மாட்டினேன். ஆறு மணி நேரம் வாசித்தேன். விரல் நுனி வெடித்துவிட்டது. பரவாயில்லை.

ஜூன் 28

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலை பத்து மணி. மடியில் கிட்டார். மருமகன் உதைத்த உதையில் தாழ்ப்பாள் தெறித்து விழுந்தது. மகளின் முடியைக் கையில் சுற்றி வாசலுக்கு இழுத்தான். அவள் நெற்றி நிலையில் மோதிய சத்தம் — எழுத முடியவில்லை.

"விட்டுடுப்பா," என்றேன். மன்னிப்புக் கேட்கும் அதே குரல்.

"பெருசு, நீ போய் டொய்ங் டொய்ங்னு வாசி, போ."

கிட்டாரைப் பத்திரமாகச் சோபாவில் வைத்தேன். அந்த நேரத்திலும்! அவனுடைய மற்றக் கை நிலையைப் பிடித்திருந்தது. அதில் சுண்டுவிரலைப் பெயர்த்தெடுத்து வளைத்தேன். மூன்று விரல் சேர்த்து, மணிக்கட்டால். பின்பக்கமாக. முழுதாக.

முறிந்தது. முடியை விட்டான். மண்டியிட்டான். "ஐயோ, விடுங்க மாமா! மாமா!"

விடவில்லை. அடுத்த விரல். அதற்கடுத்தது.

"அப்பா, போதும்! போதும்பா!"

அவன் முடியை விட்டது முதல் விரலிலேயே. மற்ற இரண்டும் எதற்கு?

ஜூன் 30

அவள் புகார் கொடுத்தாள். இன்ஸ்பெக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இந்தப் பெரியவரா?" என் மீதும் வழக்கு வரலாமாம். வரட்டும். அவன் இந்தத் தெருப்பக்கம் தலைகாட்ட மாட்டேன் என்று இடது கையால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறான்.

ஜூலை 4

மாஸ்டர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "சார்! கதறுது சார்! ஒரே மாசத்துல எங்கேருந்து வந்துச்சு இது?"



ஜூலை 7

கூடத்தில் மகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் தலைக்கு மேலே சுவரில் கிட்டார். எடுப்பதற்காகக் கையைத் தூக்கினேன்.

சட்டென்று குனிந்து, இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டாள்.

"ஒண்ணுமில்லப்பா. சும்மா. எடுத்துக்கோங்க."

தூக்கிய கையை எங்கே இறக்குவது என்று தெரியாமல் நின்றிருந்தேன். கிட்டாரை எடுக்கவில்லை.

ஜூன் 2 அன்று எழுதியதில் நான்காவது வரி தவறு. பயம் போய்விட்டது; மற்றதெல்லாம் நல்லபடியாகவில்லை.