பாதி வீட்டுக்காரி

1 மார்ச் 2006, புதன்

காலையில் பேப்பரில் வந்த பட்ஜெட்டை ஐசக் சத்தமாக வாசித்தான். போன், பெரிய வீடு, கார் என்று ஆறில் ஒன்று இருந்தாலே வருமானக் கணக்குக் கொடுக்க வேண்டும் என்ற சட்டத்தை எடுக்கிறார்களாம். "அக்கா, உனக்கு விடுதலை. இனிமே பஷீர்பாக் ஆபீசுக்கு அலையிற வேலை நக்கோ" என்றான். சிரித்து வைத்தேன். அப்புறம் இட்லி இறங்கவில்லை. ஒரு பைசா சம்பாதிக்காதவளுக்கு வரி ஆபீசை நினைத்து என்ன துக்கம்? பைத்தியமா எனக்கு?

2 மார்ச்

தூக்கமில்லை. 1999 அக்டோபரே கண்ணுக்குள் நிற்கிறது.

அப்பா போனதும் டெலிபோன் என் பேருக்கு வந்தது. அதற்காகவே கணக்குக் கொடு என்றார்கள். தம்பி குதித்தான். "எதுக்குக்கா இந்தத் தொல்லை? போனை என் பேருக்கு மாத்திடு. வீட்டுல உன் பங்கையும் எழுதிக் குடுத்திடு. ஒரே கையெழுத்து." பத்திரத்தையும் கொண்டுவந்து நீட்டினான். அப்பா உயிலில் இருவருக்கும் சரிபாதி. ஆனாலும் நாளைக்குப் போட்டுத் தருகிறேன் என்றேன். நிஜமாகவே போட்டிருப்பேன்.

மறுநாள் கணக்குக் கொடுக்கக் கடைசி நாள். வரிசையில் எனக்கு முன்னால் ஒரு கண் டாக்டர், பின்னால் போவன்பள்ளி காய்கறி வியாபாரி. மூன்று பேர் கையிலும் ஒரே மாதிரித் தாள். கவுண்டரில் இருந்தவர் கேட்டார்: "ஓன் ஹவுஸா, ரெண்ட்டா மேடம்?"

"தம்பி வீடு."

"அப்ப ரெண்ட்டா?"

"இல்ல... பாதி என்னோடது" என்றேன். ஐம்பத்தொரு வயதில் முதல் தடவையாக அதை வாய்விட்டுச் சொன்னேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அப்படியே எழுதி, நகலில் டப்பென்று முத்திரை குத்திக் கொடுத்தார்.

வெளியே ஸ்கூட்டரோடு நின்ற ஐசக்கிடம் பத்திரத்தில் கையெழுத்துப் போடமாட்டேன் என்றேன். வழியெல்லாம் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தான். ஆனாலும் இரானி ஹோட்டலில் வண்டியை நிறுத்தினான். இரண்டு சாய், ஒரு தட்டு உஸ்மானியா பிஸ்கட். அதற்கப்புறம் ஆறு வருடமும் அதே வரிசை, அதே மேஜை. அவனுக்குக் கல்யாணமான பிறகு நாங்கள் இரண்டு பேர் மட்டும் வெளியே போனது வருடத்தில் அந்த ஒரு நாள்தான். அதுவும் இனி இல்லை.

14 ஜூலை

வீட்டை இடித்து ஃபிளாட் கட்டப் போகிறார்களாம். பில்டர் கொடுத்த ஒப்பந்தம் மேஜையில் கிடந்தது. ஐசக் பேர் மட்டும் இருக்கிறது. என் பேர் எங்கே? என்ன நெனச்சிட்டான் இவன்? அப்பாவுக்குப் பத்து வருசம் பீ மூத்திரம் அள்ளினவ நான் — எனக்கு ஒரு வரி கிடையாதா?

15 ஜூலை

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் முத்திரை குத்திய ஏழு நகல்களையும் மேஜையில் பரப்பினேன். 'சொந்த வீடு, பாதிப் பங்கு' என்று ஏழிலும் இருக்கிறது.

"இது வெறும் வரித் தாளுதான்க்கா" என்றான் ஐசக்.

அவன் மகள் அபிகாயில் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். "டாடி, எவ்ரி இயர் நீங்கதானே அத்தைய டிராப் பண்ணீங்க?"

அவன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான்.

16 ஜூலை

மேஜையில் கிடந்த ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு ஐசக் காலையிலேயே கிளம்பிவிட்டான்.

31 அக்டோபர், செவ்வாய்

பழக்க தோஷம். வருடா வருடம் கணக்குக் கொடுக்கும் கடைசி நாள் இதுதானே. காலையிலேயே நல்ல புடவை கட்டிக்கொண்டு, போக இடமில்லாமல் உட்கார்ந்திருந்தேன். வாசலில் ஸ்கூட்டர் உறுமியது.

"வாக்கா, நேரமாச்சு."

"எங்கடா? அந்த ஆபீசுக்குத்தான் இனிமே போக வேண்டாமே."

"பில்டர்கிட்ட. வேற ஒப்பந்தம் அடிச்சிருக்கான். ரெண்டு கையெழுத்து வேணும்."

"ரெண்டா?"

"ஹவ், ரெண்டுதான். மூத்தவ நீ, உன் பேர்தான் முதல்ல." என் முகத்தைப் பார்க்காமல் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான். "வர்றப்ப சாய் குடிச்சிட்டு வரலாம்."

நகல்களை எடுத்துப் பையில் வைத்தேன். பிறகு அலமாரியிலேயே திரும்ப வைத்துவிட்டுப் போனேன்.