உட்கார்ந்திருப்பவளின் முதுகு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

நீ நன்றாக இருப்பாய் என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இங்கே உடம்பைப் பொறுத்தவரை யாருக்கும் ஒரு குறையும் இல்லை, உன் அம்மாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டாலே முறைத்துக்கொள்கிறது. உன் அண்ணன் மகளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டது, அந்தப் பொக்கை வாயோடு வருகிறவர்களுக்கெல்லாம் நம் மரச் சிற்பக் கூடத்தைச் சுற்றிக் காட்டுகிறாள். நலம் விசாரிப்பு இத்தோடு முடிந்தது, மீதி முழுக்கக் கோபம்தான். போனில் பேசலாம் என்றால் நான் கத்துவேன், நீ சிக்னல் சரியில்லப்பா என்று சொல்லி வைத்துவிடுவாய், எனக்குத் தெரியாதா. அதனால்தான் கடிதம். கடைசி வரை படி.

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததை உன் அண்ணன் உனக்குப் பாதி சொல்லியிருப்பான், பாதியை விழுங்கியிருப்பான். நான் முழுசாகச் சொல்கிறேன். ஞாயிறு மாலையில் நம் கூடத்தில் பாட்டு வைக்கலாம் என்று அவன் ஆரம்பித்தபோதே எனக்குப் பிடிக்கவில்லை. சிற்பம் வாங்க வருகிறவன் சிற்பத்தைப் பார்க்கட்டும், காதுக்கு என்ன வேலை என்றேன். கேட்டானா? மாதம் ஒரு கண்காட்சி, வாரம் ஒரு கச்சேரி, கிண்ணங்கள் வைத்திருந்த அலமாரியை நகர்த்திவிட்டு நாற்காலி, இப்போது கூட்டம் வாசல் வரைக்கும் நிற்கிறது. நிற்கட்டும், நல்லதுதான், அதைச் சொல்லிக் குறைப்பட எனக்கு வாயில்லை. போன மாதம் நாலாவது ஞாயிறு பாடுகிறவர் ஒருத்தர், குழல் ஊதுகிறவர் ஒருத்தர், தாளக்காரர் ஒருத்தர் என்று மூன்று பேர் வந்தார்கள். தாளக்காரருடைய வாத்தியத்தின் தோல் வருகிற வழியிலேயே கிழிந்துவிட்டதாம். மனிதர் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் இல்லையா, கூடம் முழுக்கத் தட்டிப் பார்த்துக்கொண்டே போயிருக்கிறார். முக்காலியைத் தட்டினார், பெரிய கிண்ணத்தைக் கவிழ்த்துத் தட்டினார், கதவைக்கூடத் தட்டினாராம். கடைசியில் நீ செய்த உட்கார்ந்திருப்பவளின் முதுகில் தட்டியிருக்கிறார். அது டும்மென்று பேசியிருக்கிறது.

முழங்காலைக் கட்டிக்கொண்டு தலையைச் சாய்த்து உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்ணை, முகத்தை முடித்து, பாதத்தை முடிக்காமல் நீ விட்டுவிட்டுப் போய் ஏழு வருஷம் ஆகிறது. அடியில் நீ போட்ட சுண்ணக்கட்டிக் கோடு இன்னும் இருக்கிறது. கோடு போட்ட வேலையில் அதன் சொந்தக்காரரைத் தவிர வேறு யாரும் உளி வைக்கக் கூடாது, நகர்த்துவதென்றால்கூடக் கேட்டுவிட்டுத்தான் நகர்த்த வேண்டும், நம் பட்டறையின் சட்டம் அது. உன் அண்ணன் அந்த மட்டுக்கும் ஒழுங்காக உனக்கு போன் போட்டுக் கேட்டிருக்கிறான். நீ என்ன சொன்னாய்? அடிச்சுக்கட்டுமே, மரம்தானே, அழவா போகுதுன்னு சொன்னாயாம். சிரித்துக்கொண்டே சொன்னாயாம். நான் அப்போது பின்பக்கம் இழைப்பு மெஷினில் இருந்தேன், காதில் அடைப்பான் வேறு. வேலையை முடித்துவிட்டு அடைப்பானை எடுத்தால் முன்பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வருகிறது, நம் வீட்டில் அப்படி ஒரு வாத்தியம் கிடையாதே என்று வந்து பார்க்கிறேன், நூறு பேருக்கு முன்னால் அந்தப் பெண்ணைக் கவிழ்த்துப் போடாத குறையாக அணைத்துக்கொண்டு அடித்துக்கொண்டிருக்கிறார் மனிதர். பாடுகிறவர் கண்ணை மூடியிருக்கிறார், ஜனங்கள் தலையை ஆட்டுகிறார்கள், உன் அண்ணன் ஓரமாக நின்று படம் பிடித்துக்கொண்டிருக்கிறான். நான் ஓடிப் போய்க் கையைப் பிடிப்பதற்குள் வலது தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் பிளந்துகொண்டது. பிளந்த சத்தத்தையும் தாளம் என்று நினைத்து இரண்டு பேர் கை தட்டினார்கள்.

நான் என்ன பேசினேன் என்று எனக்கே சரியாக நினைவில்லை, உன் அண்ணிதான் பிறகு சொன்னாள். உங்களுக்கு இருக்கறது கையா உலக்கையான்னு கேட்டேனாம். சோறு போடுற வாத்தியத்தையே காப்பாத்தத் தெரியாதவர் அடுத்தவங்க வேலையைத் தொடலாமான்னும் கேட்டேனாம். நூறு பேர் முன்னால். அவர் வேட்டி சட்டையோடு தரையில் உட்கார்ந்து தெறித்த சில்லுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் ஒரு சீட்டு வந்தது. விரல் நுனியாலதான் வாசிச்சேன் ஐயா, ஒரு தடவைகூட உள்ளங்கையால அடிக்கல, எப்படிப் பிளந்துதுன்னு எனக்கு விளங்கவே இல்லன்னு எழுதியிருந்தார். உன் அண்ணன் அதைப் படித்துவிட்டு, செய்யறதையும் செஞ்சுட்டுக் கதை வேற சொல்றாரு பாரு என்று கசக்கிப் போட்டான். ஞாயிற்றுக் கச்சேரியையும் நிறுத்திவிட்டான், அவர் போகிற மற்ற இடங்களுக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டான். இந்த மாதம் அவருக்கு எங்கேயும் வாசிப்பு இல்லை என்று கேள்வி. நான் பக்கத்தில்தான் இருந்தேன், தடுக்கவில்லை.

எனக்கு எல்லார் மேலும் கோபம். படம் பிடித்தவன் மேல் கோபம், கை தட்டியவர்கள் மேல் கோபம், எல்லாரையும்விட உன் மேல் கோபம். மரம்தானே என்று எப்படி உன் வாயில் வந்தது? அந்தக் காதோர முடியை எடுக்க நீ பதினொரு நாள் உட்கார்ந்தாய். மூக்கு தன் மூக்கு மாதிரி இல்லை என்று அம்மா சொன்னதற்காக இரண்டு நாள் அவளோடு பேசாமல் இருந்தாய். மாதம் ஒரு தடவை நான் அதைத் துடைத்து எண்ணெய் தடவி மெழுகு போட்டு வைத்திருக்கிறேன், வாங்கக் கேட்டவர்களை எல்லாம் வாசலோடு அனுப்பியிருக்கிறேன், நீ அங்கே உட்கார்ந்துகொண்டு ஒரே வார்த்தையில் தூக்கி எறிந்துவிட்டாய். இரண்டு வாரமாக இதையேதான் நான் வீட்டில் கத்திக்கொண்டிருக்கிறேன். நேற்று மத்தியானம் சாப்பாட்டின்போதும் கத்தினேன். உன் அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சோற்றைப் போட்டுக்கொண்டே, அவ்வளவு பெரிய கட்டையில அடிச்சா டொக்குன்னுதானே கேக்கணும், அது ஏங்க டும்முன்னு கேட்டுச்சு என்றாள். தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிட்டேன். நாற்பது வருஷத்தில் சாப்பாட்டுக்கு நடுவில் நான் எழுந்தது அது முதல் தடவை.

அது ஏன் அப்படிக் கேட்டது என்று அந்தக் கூட்டத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். அதன் உள்ளே ஒன்றுமில்லை, மகளே. நான்தான் குடைந்தேன். நீ போன மூன்றாம் வருஷம் அடிப்பக்கத்தில் மயிரிழை போல ஒரு வெடிப்பு கண்டது. நடு வைரத்தை உள்ளேயே விட்ட பெரிய மரம் என்றைக்கானாலும் வெடிக்கும், முதுகுப் பக்கமாகக் குடைந்து நடுவை எடுத்துவிட்டால்தான் நிற்கும், இது உனக்கும் தெரியும். நீ இருந்திருந்தால் நீயே செய்திருப்பாய். உன் அண்ணன் மூன்று நாள் கண்காட்சிக்கு வெளியூர் போயிருந்தான், அம்மா உன் அண்ணியின் இரண்டாவது பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் இருந்தாள். கதவைச் சாத்திக்கொண்டு செய்தேன். இரண்டு விரல் கனம் விட வேண்டும் என்று எல்லாருக்கும் சொல்லிக் கொடுக்கிற நான், யாராவது வந்துவிடுவார்களோ என்ற பதற்றத்தில் வலது தோளுக்குக் கீழே அரை விரல்தான் விட்டிருக்கிறேன். பிளந்த பிறகு அளந்து பார்த்தேன். முதுகை மூடிய பலகையின் ரேகையை அப்படியே ஒட்டவைத்து இழைத்தேன், இன்று வரை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை, அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது, வெட்கம் கெட்டவன். நீ போனில் படம் காட்டச் சொன்னபோதெல்லாம் முகத்தை மட்டும் காட்டினேன்.

நீ ஏன் போனாய் என்று ஊரார் கேட்டால் வேலை கிடைத்தது என்று சொல்கிறேன். வேலை பிறகுதான் கிடைத்தது. நீ சாப்பிடப் போன நேரத்தில் உன் வேலையில், இவளுடைய கழுத்து மடிப்பை நான் ஆழமாக்கி வைத்தேன், நீ திரும்பி வந்து பார்த்துவிட்டு உளிகளைத் துணியில் சுருட்டி என் மடியில் வைத்துவிட்டுப் போனாய். இனி உன் கோட்டைத் தாண்ட மாட்டேன் என்று ரயிலடியில் சத்தியம் செய்தேன். சத்தியம் செய்தவன் ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம், இல்லையா? கேட்டால் நீ வேண்டாம் என்று சொல்லிவிடுவாய் என்று நான் பயப்படவில்லை. அதற்கென்ன, என்னமோ பண்ணுங்கப்பா என்று சொல்லிவிடுவாயோ என்றுதான் பயந்தேன். நீ மரம்தானே என்று சொன்னது தெரிந்ததும் எனக்கு வந்த ஆத்திரமெல்லாம் அந்தப் பயம்தான். ஒன்றும் செய்யாத மனிதர் மேல் அதைக் கொட்டிவிட்டேன்.

உன் அண்ணன் பசையும் கிளாம்ப்பும் எடுத்துக்கொண்டு வந்தான், விரட்டிவிட்டேன். முதுகுப் பலகையைக் கழற்றி, அவளைச் சுவரிலிருந்து இழுத்துத் திருப்பி நடுக்கூடத்தில் வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் எல்லாரும் குடைந்ததைப் பார்க்கட்டும். குடைந்தது நீதான் என்று நினைக்கும் உன் அண்ணனுக்கு இன்னும் காரணம் புரியவில்லை, கிழவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைக்கிறான். இந்தக் கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு நேரே தாளக்காரர் வீட்டுக்குப் போகப் போகிறேன், அங்கிருந்து வந்து உன் அண்ணனிடம் சொல்லி, அவன் போன் போட்ட இடத்துக்கெல்லாம் என் வாயாலேயே போன் போடுவேன். முதலில் உனக்குத்தான் சொல்ல வேண்டும், வேலை உன்னுடையது என்பதால் உனக்கு எழுதிவிட்டுக் கிளம்புகிறேன்.

காலையில் வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே. அம்மா அனுப்பிய கம்பளிச் சட்டை பெட்டியிலேயே கிடக்கிறதாம், எடுத்துப் போட்டுக்கொள். எந்த ஊரில் இருந்தாலும் உன் கைக்கும் கண்ணுக்கும் ஒரு குறையும் வராமல் நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். ஒட்டுவதா, அப்படியே விடுவதா, பிளந்து விறகாக்குவதா, நீ சொல்கிற வரையில் அவளை யாரும் தொட மாட்டார்கள். மறக்காமல் பதில் போடு. பரவாயில்லப்பா என்று மட்டும் எழுதிவிடாதே. நாலு பக்கத்துக்குத் திட்டி எழுது, அப்போதுதான் அது இன்னும் உன் வேலை என்று நான் நம்புவேன்.

இப்படிக்கு,
உன் வேலையில் இரண்டு முறை கை வைத்த
அப்பா