மருதமரம் காற்றுக்கு விழவில்லை, அக்கா

என்ர ஆசை அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுகிறேன். ஓம், நானேதான். வாசிகசாலையில் முதியோர் வகுப்புக்குப் போய் எழுதப் படித்துவிட்டேன். "அக்கா" என்று எழுதி முடிக்கத் தேத்தண்ணி ஆறிப்போச்சு. ஆனால் எழுதிவிட்டுப் பார்க்க என்ன சந்தோசம்!

உன் ஆண்டுத் திவசத்துக்கு உன் மகள் நினைவு மலர் அடிக்கிறாள். "மாமா, நீங்கள் சொல்லுங்கோ, நான் எழுதுறன்" என்றாள். நான் விடவில்லை. இன்னொருவர் கையால் எழுதுவிக்கக்கூடிய கதை இல்லை இது.

வாய்க்கால் கரையில் நின்ற உன் மருதமரம் காற்றுக்கு விழவில்லை. நீ கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான்தான் தறித்தேன். கொப்பெல்லாம் விரல் தடிப்பில் பச்சைப் புழுக்கள். நெற்கதிர் பால்பிடிக்கிற நேரம். வயலுக்குள் இறங்கினால் எல்லாம் போச்சு என்று பயந்துவிட்டேன். புழுவோடும் கூட்டோடும் கொளுத்தினேன்.

அதுகளில் உனக்கு எவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரியும். முட்டை மாதிரிக் கூடு தொங்கும். அதிலிருந்து கை அகலத்தில், செட்டையில் கண்ணாடி வட்டம் வைத்த பூச்சி வரும். "பாவமடா, ஒரு வாய் தின்னாமலே செத்துப் போகுதுகள். உன்னை மாதிரி ரெண்டாந்தரம் சோறு கேக்காதுகள்" என்று நக்கலடிப்பாய்.

வீட்டுக்கு வந்ததும் மரத்தைக் கேட்டாய்.

"காத்துக்கு விழுந்திட்டுது."

"அப்ப கூடுகள்?"

"வெள்ளத்தோட போயிருக்கும்."

நீ நம்பினாய். நம்பினாயா, அக்கா? பிறகு ஒருநாளும் வாய்க்கால் பக்கம் போகவில்லையே, ஏன்?

போன கிழமை வாசிகசாலைப் புத்தகமொன்றில் அதே பூச்சியின் படம். விரல் வைத்து எழுத்தெழுத்தாக வாசித்தேன். காட்டுப் பட்டுப்பூச்சியாம். புழு மருது, இலந்தை மாதிரி மரங்களின் இலையைத்தான் தின்னுமாம். நெல்லைக் காணவில்லை. மூன்று தரம் தேடினேன். நெல் இல்லை. "உது வயலைத் தொடாது" என்று மரம் நின்ற காலத்திலேயே நீ சொன்னாய்.

இப்போது வரம்போரத்து இலந்தையில் நாலு புழு. மகளும் கண்டுவிட்டாள். "மாமா, நாளைக்கு மருந்தடிக்க ஆள் வரும். உதுக்கும் சேர்த்து அடிப்பம்" என்கிறாள். வேண்டாமென்றால் ஏன் என்று கேட்பாள். பதிலுக்கு இந்தக் கடதாசியைத்தான் கொடுக்கப்போகிறேன். ஏசுவாள். ஏசட்டும். மலரிலும் ஒரு சொல் குறையாமல் போடச் சொல்வேன்.

நாளைக்கு மருந்துக்காரன் வரும்போது நான் அந்த இலந்தையடியில் நிற்பேன், அக்கா. அவன் போகும்வரை அசையமாட்டேன்.

உன்னிடம் பொய் சொன்ன
உன்ர தம்பி