காலவாசல் கேட்ட பக்கங்கள்

வெயில் காலத்துக்காக ஏர் கூலரின் பக்கத் தட்டிகளில் புதுப் புல் மாற்றியிருக்கிறோம். முதல் தண்ணீர் பட்டு வாசனை எழுந்ததும் கிட்வாய் நகரில் உன் வீட்டு ஞாயிறு மதியங்கள் நினைவுக்கு வந்துவிட்டன. நீ கதை சொல்வாய். ஹரியும் வித்யாவும் நானும் உன் விண்கலத்தின் ஆட்களாகி, என்ன செய்கிறோம் என்று சொல்லி, அது பலிக்குமா என்று பார்க்கப் பகடை உருட்டுவோம். கலத்தின் கேப்டன் மட்டும் எப்போதும் நீதான்.

கதையில் நீ வைத்த காலவாசலுக்கு ஒரே ஒரு நிபந்தனை. அதன் வழியே எந்த நாளுக்கும் திரும்பலாம். ஆனால் அந்த நாளுக்குப் பிறகு ஆடியதையெல்லாம், நீ கதையை எழுதிவைக்கும் நோட்டில் அடித்துவிட வேண்டும். அவை நடக்கவே இல்லை. ஆட்டத்தில் செத்துப்போன என் பைலட்டைக் காப்பாற்ற நான் ஒருமுறை உள்ளே போனேன். நீ ஸ்கேல் வைத்து ஒன்பது பக்கங்களுக்குக் குறுக்கே கோடு போட்டாய்.

"அதுல நான் ஒரு நிலாவையே ஜெயிச்சேன்டி, பாவி!" என்று வித்யா என்னைப் பார்த்துக் கத்தினாள்.

"எந்த நிலா?" என்றாய் நீ, முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

உடம்பு முடியாமல் போனதும் நீயே கேப்டனைக் கலத்திலிருந்து இறக்கி, ஒரு சிறிய விண்ணோடத்தில் தனியாக அனுப்பிவிட்டாய். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. அதன் பிறகு படுக்கையில் இருந்தபடி நீ சொன்ன கதையில் சண்டை கிடையாது, எதிரி கிடையாது. சாம்பல் நிறக் கடலுள்ள ஒரு கிரகத்தில் எங்களை மழையில் உட்காரவைத்தாய். கடைசி மூன்று பக்கங்கள் என் கையெழுத்து. கண்களை மூடிக்கொண்டு, "ஜல்தி எழுதுடி, மறந்துடுவேன்" என்பாய். அந்த மழை கீழிருந்து மேலே பெய்தது. அதைச் சொல்லும்போது உன் விரல்கள் போர்வையின் மேல் மெல்ல உயர்ந்தன.

போன ஞாயிறு, நீ இல்லாமல் முதல்முறையாக, எங்கள் வீட்டில் கூடினோம். உன் அம்மா கொடுத்தனுப்பிய நோட்டு என் மடியில் இருந்தது. இனி நான்தான் கதை சொல்ல வேண்டும் என்று முடிவாகியிருந்தது.

"காலவாசலைத் திற" என்றான் ஹரி. "கேப்டன் இறங்கறதுக்கு முந்தின நாளுக்குப் போயிடலாம். அவ பேசற மாதிரியே நீ பேசு. உனக்கு வரும்."

எனக்கு வரும்தான். அதுதான் பயம்.

"அப்ப மழைப் பக்கமெல்லாம் அடிக்கணும்" என்றேன்.

"அரே, இப்ப கதை சொல்றது நீதானே? ரூலை மாத்து."

மாற்றியிருக்கலாம். உன் பேச்சைக் கேட்க எனக்கும் அவ்வளவு ஆசை. ஆனால் கேப்டனை அனுப்பியவள் நீ. அது நடக்கவே இல்லை என்று ஆக்க எனக்கு மனம் வரவில்லை. "வேண்டாம் ஹரி" என்று சொல்லிவிட்டு, மழைப் பக்கங்களை முதல் வரியிலிருந்து படித்தேன். ஹரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வித்யா, "இன்னொரு தடவை படி" என்றாள். படித்தேன்.

பிறகு புதுப் பக்கம் திருப்பினேன். என்னிடம் கதை எதுவும் தயாராக இல்லை. கேள்வி கேட்டுவிட்டு, அவசரப்படுத்தாமல் எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாயே, உன்னிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தப் பொறுமை ஒன்றைத்தான்.

"மழை விட்டுடுச்சு. கடல் பக்கம் யாரோ விளக்கு காட்டறாங்க. என்ன பண்றீங்க?"

காத்திருந்தேன். வெகுநேரம் கழித்து ஹரி பகடையை எடுத்தான்.