தேயாத சீட்

என் வீட்டுக்காரிக்கு,

உன் இருமல் நின்றதா? அத்தை, மாமா சௌக்கியமா? நான் நலம்தான், பதறாதே.

நேற்று இங்கே கடையில் விற்பதற்காக ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினேன். இரண்டே சீட். மீட்டரில் இரண்டு லட்சத்து எண்பதாயிரம் கிலோமீட்டர். ஓட்டுகிற சீட் கிழிந்து பஞ்சு தெரிந்தது. பக்கத்து சீட்டோ இன்றைக்குத்தான் உறை பிரித்தது போல இருந்தது. அடிபட்ட வண்டியைத் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று வண்டிக்குச் சொந்தக்காரரான தமிழரை மடக்கினேன்.

"சார், எங்க இடிச்சீங்க? இந்த சீட்டு மாத்தினதுதானே?"

"இடிக்கவும் இல்ல, மாத்தவும் இல்லப்பா. அதுல யாரும் உட்காரல. வீட்டம்மாவோட ஊர் சுத்தத்தான் வாங்கினேன். வேலை ஒரு நிலைக்கு வரட்டும்னு தள்ளிப் போட்டுட்டே இருந்தேன். போன வருஷம் அவ போய்ச் சேர்ந்துட்டா."

பதினேழு வருடமாக வண்டி பார்க்கிறவன், பேரம் பேசவே தோன்றாமல் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டேன். என் கூட்டாளி இன்னும் நம்பவில்லை.

நீ இந்த நாட்டுக்கு வருகிறேன் என்றபோதெல்லாம் கடை ஒரு நிலைக்கு வரட்டும் என்றுதானே நானும் சொன்னேன். இனி சொல்லமாட்டேன். நாளைக்கே பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்துவிடு. வரும்போது முதுகுக்குத் தைலம் கொண்டு வா; தேய்க்க என் கைக்கு எட்டவில்லை.

வாசலில் ஆள் காத்திருக்கிறார், முடிக்கிறேன்.

உன் வீட்டுக்காரர்