‘தெரியாது’ என்று சொன்னதற்காக நிறுத்திவைக்கப்பட்ட ஆயத்தச் சான்று

அனுப்புநர்:
பன்னிரண்டாம் வகுப்பு மின்பணிப் பிரிவு மாணவியின் தாயார்
(மருந்துக் கடை ஊழியர்),
பள்ளியின் பின்வாசல் தெரு.

பெறுநர்:
கல்வி அலுவலர் அவர்கள்,
கல்வி அலுவலகம், மேல் தளம்
(‘லிஃப்ட் பழுது’ என்று எழுதி ஒட்டியுள்ள வாசல் வழி).

பொருள்: தன்னம்பிக்கைக் குறைவு என்று காரணம் காட்டி என் மகளின் ‘வேலை ஆயத்தச் சான்று’ நிறுத்திவைக்கப்பட்டது – வரும் வெள்ளிக்கிழமைக்குள் வழங்க உத்தரவிடக் கோருதல் – தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ‘தன்னம்பிக்கை மன்றம்’ திறப்பு விழாவில் தாங்கள் பேச எழுந்த நேரத்தில் மின்சாரம் போனதே, அதைப் போக வைத்த பெண்ணின் தாய் நான். மனுவை ஓரமாக வைத்துவிடப் போகிறீர்களே என்ற பயத்தில் முதலிலேயே சொல்லிவிட்டேன். இனி நிதானமாக எழுதுகிறேன்.

1. என் மகளின் பள்ளியில் மின்பணிப் பிரிவுக்கென்று ஒரு பணிமனை இருந்தது. சுவரெல்லாம் கரி பிடித்த அறைதான். ஆனால் அதில் பயிற்சிப் பலகைகள் இருந்தன, கழற்றி மாட்டப் பழைய மின்விசிறிகள் இருந்தன, தப்பாக இணைத்தால் ‘டப்’பென்று வெடித்துப் புத்தி சொல்லும் ஃபியூஸ்கள் இருந்தன. இந்தக் கல்வியாண்டில் மாணவர்களின் தன்னம்பிக்கையை வளர்த்து, திறன்களைக் கூட்டி, வேலைக்கு ஆயத்தப்படுத்தும் திட்டம் வந்தது. வரவேற்கத்தக்க திட்டம். அது வந்து உட்கார இடம் வேண்டுமென்று பணிமனையைக் காலி செய்தார்கள். பயிற்சிப் பலகைகள் இப்போது மாடிப்படிக்கு அடியில் துடைப்பங்களோடு குடித்தனம் நடத்துகின்றன.

2. காலியான அறைக்குத் ‘தன்னம்பிக்கை மன்றம்’ என்று பெயர் சூட்டி, சுற்றிலும் ஆளுயரக் கண்ணாடிகளைப் பொருத்தினார்கள். ஜன்னல்களின் மேலும் கண்ணாடிகள் வந்துவிட்டதால் அந்த அறையில் பட்டப்பகலிலும் விளக்கைப் போட்டால்தான் தன்னம்பிக்கை கண்ணுக்குத் தெரியும். பயிற்சியாளர் ஒருவரும் வந்தார். எதற்கெடுத்தாலும் கைதட்டச் சொல்வதால் பிள்ளைகள் அவருக்குக் ‘கைதட்டு சார்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மரியாதைக் குறைவாக அல்ல, அடையாளத்துக்காக. தினமும் மின்பணிச் செய்முறை வகுப்பு நேரத்தில் பிள்ளைகள் கண்ணாடி முன் நின்று, தோளை நிமிர்த்தி, “என்னால் முடியும்!” என்று சொல்லித் தங்களுக்குத் தாங்களே கைதட்டிக்கொள்ள வேண்டும். என்ன முடியும் என்று கேட்பது பாடத்திட்டத்தில் இல்லை.

3. இத்திட்டத்தின் தலையாய விதி, பள்ளி வளாகத்தில் ‘தெரியாது’ என்ற சொல்லை யாரும் உச்சரிக்கக் கூடாது என்பது. வாய் தவறிச் சொன்னவர், குறை நீங்கும்வரை கண்ணாடி முன் தனியாக நின்று கைதட்ட வேண்டும். விதி நன்றாகவே வேலை செய்கிறது. ஒருநாள் மகளுக்குச் சாப்பாடு கொடுக்கப் போனவள் வாசலில் நின்ற மாணவனிடம் அலுவலக அறை எங்கே என்று கேட்டேன். சேர்ந்து சில நாள்தான் ஆகியிருந்த அந்தப் பிள்ளை, நெஞ்சை நிமிர்த்தி, புன்னகையோடு, என்னைக் கழிப்பறைக்கு அனுப்பிவைத்தான். என் மகளோடு படிக்கும் இன்னொரு மாணவன், மோட்டார் பழுது பார்க்கும் கடையில் “முடியும்” என்று சொல்லி வேலைக்குச் சேர்ந்து, அன்று மாலையே அந்தத் தெரு முழுவதையும் இருட்டாக்கியிருக்கிறான். “தம்பி, நீ கண்ணாடிக் கடையில போய் வேலை கேளுப்பா” என்று கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டதாகக் கேள்வி. அந்த மாணவனிடம் ஆயத்தச் சான்று இருக்கிறது.

4. இனி விழாவுக்கு வருகிறேன். வரவேற்புரை சொன்ன மாணவி மைக்கைத் தொட்டதும் கையை உதறினாள். சுர்ரென்று ஷாக் அடித்திருக்கிறது. “யாரால் இதைச் சரிசெய்ய முடியும்?” என்று கைதட்டு சார் உற்சாகமாகக் கேட்டார். அத்தனை கையும் உயர்ந்தது. ஒருவன் பிளக்கை ஆட்டினான். ஒருவன் ஆம்ப்ளிஃபயரின் முதுகில் தட்டிக்கொடுத்தான். ஒருவன் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியைத் திறக்க ஸ்க்ரூடிரைவரோடு குனிந்தான். ஒவ்வொருவருக்கும் கைதட்டு விழுந்தது. தாங்களும் தட்டினீர்கள். கடைசி வரிசையில் பெற்றோர்களுக்கான நாற்காலியில் இருந்த நானும், விவரம் புரியாமல், தட்டினேன்.

5. பிறகு சார் என் மகளை எழுப்பி, “நீ மின்பணிப் பிரிவுதானே? முடியும்னு சொல்லிட்டு வா பார்க்கலாம்” என்றார். அவள், “என்ன கோளாறுன்னு எனக்குத் தெரியாது சார். முதல்ல மெயினை ஆஃப் பண்ணணும். அப்புறம்தான் பார்க்க முடியும்” என்றாள். “அந்த வார்த்தை இங்கே கிடையாதும்மா!” என்று சார் பதறினார். ஷாக் அடித்ததற்கு அவர் அந்த அளவுக்குப் பதறவில்லை. அதே சமயத்தில் தாங்கள் பேசுவதற்காக எழுந்தீர்கள். தங்கள் கையில் அப்போதுதான் தண்ணீர் தெளித்துக் கொடுத்த பூங்கொத்து. ஈரக் கையோடு மைக்கை நோக்கி நடந்தீர்கள். என் மகள் யாரிடமும் அனுமதி கேட்காமல் ஓடிப்போய் மெயினை இறக்கினாள்.

6. மறுநாள் வந்து பார்த்த மைக்செட்காரர், கம்பி ஒன்று உறை கிழிந்து பெட்டியின் உடம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது என்றும், ஈரக் கையால் பிடித்திருந்தால் விபரீதம் என்றும் சொல்லிவிட்டுப் போனார். தாங்கள் நலமாக இருப்பதில் எங்கள் குடும்பத்துக்கு மிகுந்த மகிழ்ச்சி. பள்ளிக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் விதி விதிதானே. பொது மேடையில் தடைசெய்யப்பட்ட சொல்லைக் கூறியதற்காகவும், சிறப்பு விருந்தினரை இருட்டில் நிறுத்தியதற்காகவும் என் மகளின் ஆயத்தச் சான்று நிறுத்திவைக்கப்பட்டது. காரணம்: ‘தன்னம்பிக்கைக் குறைவு’. அதோடு, அந்த வாரம் முழுக்கக் காலையில் அவளைக் கண்ணாடி முன் தனியாக நிறுத்திக் கைதட்ட வைத்தார்கள். மற்ற பிள்ளைகள் அந்த வழியாகத்தான் வகுப்புக்குப் போக வேண்டும்.

7. ஐயா, இதை மட்டும் என்னால் கிண்டலாக எழுத முடியவில்லை. சின்ன வயதில் என் மிக்ஸியைப் பிரித்துப் போட்டுவிட்டு “ஏம்மா இது சுத்துது?” என்று கேட்டு என் உயிரை வாங்கியவள் அவள். இப்போது வீட்டுக் கண்ணாடியில் துண்டைப் போட்டு மூடிவிட்டுத் தலை வாருகிறாள். வகிடு கோணலாகப் போகிறது. நான் நேராக்கப் போனால் தலையை இழுத்துக்கொள்கிறாள். தன்னம்பிக்கையை வளர்க்கிறோம் என்று என் பெண்ணிடம் இருந்ததையும் பிடுங்கிக்கொண்டார்களே.

8. லிஃப்ட் பராமரிக்கும் நிறுவனம் ஒன்று அவளைப் பயிற்சிக்குத் தேர்ந்தெடுத்திருக்கிறது. சிறு வயது முதல் அவள் ஆசைப்பட்ட வேலை. வெள்ளிக்கிழமைக்குள் ஆயத்தச் சான்றைக் கொடுக்காவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும். தலைமை ஆசிரியர் பெருந்தன்மையோடு ஒரு வழி சொன்னார். காலை வணக்கக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும், “அன்று சொன்னது தவறு, எனக்கு எல்லாம் தெரியும்” என்று அவள் சொல்லிவிட்டால் அப்போதே கையெழுத்துப் போட்டுவிடுவாராம். ஒரே ஒரு வரிதானே, சொல்லிவிட்டு வந்துவிடேன் என்று அவள் சித்தப்பாகூடச் சொன்னார். அவள், “சொல்லிடலாம் சித்தப்பா. ஆனா அதுக்கப்புறம் நான் பார்த்த லிஃப்ட்ல ஆளுங்க ஏறுவாங்களே” என்றாள்.

9. நான் மருந்துக் கடையில் வேலை செய்பவள். மருத்துவரின் கையெழுத்து புரியாவிட்டால் போன் போட்டுக் கேட்போம். இந்தத் திட்டத்தை எங்கள் கடைக்கும் விரிவாக்கினால் எதையும் கேட்காமல், தோளை நிமிர்த்தி, புன்னகையோடு எடுத்துக் கொடுத்துவிடுவோம். முதலில் பள்ளியின் பயிற்சியாளருக்கே கொடுத்துத் தொடங்கலாம்.

10. ஆகவே, என் மகளின் சான்றை வெள்ளிக்கிழமைக்குள் வழங்கவும், படிக்கு அடியில் கிடக்கும் பயிற்சிப் பலகைகளை வெளியே எடுக்கவும் உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கண்ணாடிகளை முழுவதும் அகற்றச் சொல்லவில்லை. ஜன்னல்மேல் இருப்பவற்றை மட்டும் எடுத்தால் போதும். ஒன்றைத் தலைமை ஆசிரியர் தம் அறையில் வைத்துக்கொள்ளட்டும்.

11. இறுதியாக ஒரு சாட்சியம். விளக்கு அணைந்ததும் தாங்கள், “யாரு மெயினை இறக்கினது?” என்று கேட்டீர்கள். “நான்தான் சார்” என்று அவள் குரல் வந்தது. தாங்கள் கோபப்படுவீர்கள் என்று நான் நினைத்தேன். தாங்களோ, “ஏம்மா, என்ன ஆச்சு? எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது, நீயே சொல்லு” என்றீர்கள். அவள் போன் வெளிச்சத்தில் பெட்டியைக் காட்டி விளக்கினாள். தாங்கள் குனிந்து கேட்டீர்கள். விதிப்படி தாங்களும் கண்ணாடி முன் நின்று கைதட்டியிருக்க வேண்டும். இருட்டில் யார் சொன்னது என்று தெரியவில்லை எனப் பள்ளி விட்டுவிட்டது. என் மகளுக்குத் தெரியும். அந்த மன்றத்தில் அவளிடம் கேள்வி கேட்டுப் பதிலைக் காதுகொடுத்துக் கேட்ட ஒரே ஆள் தாங்கள்தான் என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அன்று இருட்டில் சொன்னதைத் தலைமை ஆசிரியரின் எதிரே, விளக்கு எரியும்போது, இன்னொரு முறை சொல்வீர்களா ஐயா?

பதிலை எதிர்பார்த்து, தங்கள் அலுவலகப் படிகளை ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்,

(கையொப்பம்)
மாணவியின் தாயார்

இடம்: மருந்துக் கடை, கல்லாவுக்குப் பின்புறம்
நாள்: திங்கட்கிழமை, மதிய இடைவேளை