பசுக்கள் மேல் விழுந்த பழி

ஜூலை 9

அன்புள்ள ரொட்டிக்காரருக்கு,

நலம் விசாரிக்கக்கூடப் பொறுமையில்லை, அவ்வளவு பரபரப்பு! எங்கள் பொலிகாளைப் பண்ணையின் செல்லக் காளை துரை இருக்கிறானே, அவன் விந்தைச் சினை ஊசியாகப் போட்ட பசுக்கள் வரிசையாகச் சினை பிடிக்காமல் திரும்புகின்றன. "பசுக்கள்லதான் கோளாறு. துரையோட அப்பன் யாரு, தாத்தா யாரு! அந்த வம்சத்துல குறை வருமா?" என்கிறார் மேனேஜர். நான் விடவில்லை. இன்று அவன் விந்தை நுண்ணோக்கியில் பார்த்தேன். பாதி அணுக்கள் நகரவே இல்லை. மீதி, வால் சுருண்டு ஒரே இடத்தில் சுற்றுகின்றன. குறை காளையிடம்தான்! குதிக்கலாம் போலிருக்கிறது.

நான் பண்ணை வீட்டுக்கு மாறி வந்துவிட்டேன் என்று பட்டினி கிடக்காமல், நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் டாக்டரம்மா

ஜூலை 17

டாக்டரம்மாவுக்கு,

அடுப்பு முன்னால் நின்று உன் கடிதத்தைப் படித்ததில் ஒரு தட்டு ரொட்டி கருகிவிட்டது. காளையைச் சாக்காக வைத்து என்னைக் குத்துகிறாயா? ஆறு வருஷமாகக் குழந்தை இல்லையென்று என் அம்மா உன்னைக் குறை சொல்வதும், நான் பரிசோதனைக்கு வர மறுத்ததும் உனக்கு உறுத்துகிறது. எங்கள் வம்சத்தில் குறை வராது என்று நான் பேசியதை மேனேஜர் வாயில் போட்டுவிட்டாய். நேராகச் சொல்ல வேண்டியதுதானே?

ரொட்டிக்காரன்

அக்டோபர் 3

கோபக்கார ரொட்டிக்காரருக்கு,

வீம்புக்கு நானும் இத்தனை நாள் எழுதவில்லை. சத்தியமாக அது மேனேஜர் பேச்சேதான். உங்கள் கடிதம் வந்த பிறகுதான், உங்களுக்கும் அப்படி இருக்குமோ என்ற நினைப்பு வந்தது. வந்தது, போகவில்லை.

துரை கதையைக் கேளுங்கள்! நான் குறையைக் காட்டியதும் மேனேஜர் தலைகீழாக மாறி, "அப்ப பிறவிக் கோளாறு, அடிமாட்டுக்கு அனுப்பிடலாம்" என்றார். சண்டை போட்டுத் தடுத்தேன். கொட்டகைக்குத் தகரக் கூரை. கோடையில் வெந்திருக்கிறான். விந்தணு உருவாக இரண்டு மாதம் ஆவதால், அந்தச் சூட்டின் கேடு மழை வந்து குளிர்ந்த பிறகே தெரிந்தது. யாருக்கும் வெயில் ஞாபகமே வரவில்லை! நிழலுக்கு மாற்றி, தண்ணீர் தெளித்து, காத்திருந்தேன். இன்று பார்த்தால் அணுக்கள் அலை அலையாக ஓடுகின்றன! "டாக்டரம்மா, பய பொழச்சுட்டான்!" என்று மாட்டுக்காரர் கத்தியே விட்டார்.

நேராகச் சொல்லச் சொன்னீர்களே, சொல்கிறேன். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அடுப்பு வாயில் நிற்கிறீர்கள். போய்ப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். இதற்கும் கோபம்தான் பதில் என்றால், இனி எழுத மாட்டேன். என்னால் முடியவில்லை.

டாக்டரம்மா

அக்டோபர் 20

என் டாக்டருக்கு,

போய் வந்துவிட்டேன்! மாதிரி எடுத்துத் தரச் சொல்லி டப்பாவைக் கையில் கொடுத்தபோது காது வரை கூசியது. துரைக்கு இந்தக் கூச்சமெல்லாம் கிடையாதா?

எண்ணிக்கை குறைவு, ஓட்டமும் குறைவு. டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "என்ன வேலை பாக்குறீங்க?" என்பதுதான். சூடு காரணமாக இருக்கலாம், அடுப்பை விட்டுத் தள்ளி இருந்து பார்க்கலாம், உறுதி சொல்ல முடியாது என்றார். மறுநாளே மாவு பிசையும் பக்கம் மாறிவிட்டேன்.

அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். "அவள இனிமே ஒண்ணும் சொல்லாதேம்மா, குறை என்கிட்டதான்." அம்மா அழுதாள். "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவகிட்டப் பேசுவேன்?" என்றாள்.

வெள்ளிக்கிழமை இருவரும் வருகிறோம். அம்மா தானாக உள்ளே வர மாட்டாள், வாசலிலேயே நிற்பாள். நீ வந்து கூப்பிடு.

உன் ரொட்டிக்காரன்